மஞ்சள் பிடிக்காத சேலை

எங்கள் ஊர் மாரியம்மனிடம் மற்ற எல்லாவற்றிலும் பேரம் பேசலாம். கிடா நேர்ந்துகொண்டவன் சேவலோடு வந்து நிற்பான். முடி இறக்குவதாகச் சொன்னவள் மூன்று விரல்கடை நுனிமுடியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். பூசாரி முனகிக்கொண்டே விபூதி பூசிவிடுவார். துணியில் மட்டும் பேச்சே கிடையாது. பூக்குழி இறங்குகிறவர்கள் நூல் துணிதான் கட்ட வேண்டும். வெள்ளைக் கோடித் துணி வாங்கி, கோயில் கிணற்றடியில் அரைத்த மஞ்சளில் முக்கி, காப்புக் கட்டும் செவ்வாய்க்கிழமை உடுத்தினால், அடுத்த செவ்வாய் தீயில் இறங்கும்வரை அதுதான் உடம்பில் கிடக்கும். அதோடேயே குளித்து அதோடேயே காய வேண்டும். பட்டு கூடாது, பூச்சியைக் கொன்ற துணி என்பார்கள். நைலான், டெரிலின் எல்லாம் ஊருக்குள் வந்த பிறகு அவையும் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் போய் முட்டிக்கொண்டது அங்கேதான்.

இதில் கூத்து என்னவென்றால், நான் பருத்திக்காரன். கடம்பூருக்குக் கிழக்கே எங்கள் கரிசலில் அப்பா காலத்திலிருந்தே கருங்கண்ணிப் பருத்திதான். கோவில்பட்டிக் கமிஷன் கடைகளுக்கு வண்டியில் பொதி ஏற்றிக்கொண்டு போகிறவன் நான். ஒரு சிட்டிகைப் பஞ்சை இழுத்துப் பார்த்து எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பீற்றல் உண்டு. பூக்குழிக்கு முதல் தீ வைக்கிற பருத்திமார்க்கட்டும், காய்ந்த பருத்திச்செடிக் கட்டுதான் அது, எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அப்பா அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது ஊரே விலகி வழிவிடும். நான் சொல்லப்போகிறதைக் கேட்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது சாக்கு இல்லை. சாக்கு மாதிரிதான் இருக்கும், தெரிகிறது.

எழுபதுகளின் பின்பாதி. பெரியம்மைக்கு ஊசி போட வருகிறவர்கள் ஊருக்குள் வருவது நின்றுபோயிருந்த காலம். ஆனால் மணல்வாரி அம்மை நிற்கவில்லை. அந்தத் தையில் எங்கள் மூன்று வயது மகளுக்கு அது கண்டது. மூன்றே நாளில் இறங்கிவிடும் என்றார்கள், இறங்கவில்லை. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு இழுத்தது. கண் பீளை தள்ளி ஒட்டிக்கொண்டது. அப்பாவின் பழைய வேட்டியை நாலாகக் கிழித்து வேப்பிலைமேல் விரித்துப் பிள்ளையைக் கிடத்தியிருந்தோம். அம்மை கண்ட உடம்பில் பழைய நூல் துணி தவிர வேறெதுவும் படக்கூடாது. என் மனைவி அந்த விரிப்பின் ஓரத்தைவிட்டு நகரவில்லை. நான் விதைக்கடைக்கும் காட்டுக்கும் போய்வந்துகொண்டு, வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பிள்ளை பிழைத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று என் மனைவி என்னிடம், "பங்குனிக்கு நான் பூவெறங்குதேன். நேந்துக்கிட்டேன்" என்றாள். எப்போது நேர்ந்துகொண்டாள், எதற்காக என்று நான் கேட்கவில்லை. பிள்ளைக்காகத்தான் என்று தெரியாதா என்ன.

பங்குனியில் சேலை வாங்கும் வேலை என்னிடம் வந்தது. பொதி இறக்கக் கோவில்பட்டிக்குப் போன கையோடு பஜாரில் ஒரு துணிக்கடையில் ஏறினேன். கடைக்காரர் வெள்ளையில் இரண்டு சேலையை எடுத்துப் போட்டார். ஒன்று முரட்டு நூல் சேலை. இன்னொன்று வழுவழுவென்று, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருந்தது.

"இது டெரிகாட்டன் அண்ணாச்சி. கசக்கிக் கட்டுனாலும் சுருங்காது. நனைச்சா அரைமணி நேரத்துல காஞ்சுரும்."

"பாத்தா நூல் மாதிரியே இருக்கே."

"நூலும் இருக்குல்லா. கலப்புத்தானே."

எட்டு நாள் ஈரச் சேலையோடு கிடக்கப்போகிறாள். அம்மைப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து எலும்பும் தோலுமாக ஆகியிருந்தாள். பங்குனி வெயில் என்றாலும் விடிகாலைக் குளிர் உடம்பில் இறங்கும். சீக்கிரம் காய்கிற சேலை அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். அதுவும் உண்மை. அதுவரை நூல் சேலையே கட்டிப் பழகியவளுக்குப் புதுத்தினுசு ஒன்று வாங்கிக் கொடுக்கிறோம் என்ற பெருமை இருந்ததும் உண்மை. வீட்டில் பையைக் கொடுத்தபோது அவள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நூல்தானே?" என்று கேட்டாள்.

"நூல்தான். நயம் நூல்" என்றேன்.

பருத்திக்காரன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். பதினோரு பெண்கள், ஆறு ஆண்கள். காப்புக் கட்டியவர்கள் வீட்டுப்படி மிதிக்க மாட்டார்கள். கோயிலுக்கு வடபுறம் போட்ட ஓலைக் கொட்டகையில்தான் எட்டு நாளும் இருப்பு. மகளை என் அம்மா வைத்துக்கொண்டாள். பகலில் பிள்ளையைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவாள். பதினோரு சேலையும் ஒரே தொட்டியில்தான் முங்கின. வெளியே எடுத்தபோது எல்லாம் ஒரே மஞ்சளாகத்தான் தெரிந்தன.

வியாழக்கிழமை காலையில் நான் கொட்டகைப் பக்கம் போனபோது என் மனைவி மட்டும் தனியாகத் தெரிந்தாள். மற்றவர்கள் சேலை நல்ல மஞ்சளாக இருந்தது. இவளுடையது மோர் நிறத்தில் வெளுத்திருந்தது. இரண்டு குளியலில் மஞ்சள் போன இடம் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மஞ்சள் பஞ்சில்தான் பிடிக்கும். அந்தத் துணியில் பஞ்சு பாதிகூட இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஆத்தாவும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை அவளை மறுபடி முக்க வைத்தார்கள். இந்தத் தடவை இரட்டைப் பங்கு மஞ்சள். சாயங்காலக் குளியலிலேயே வெளுத்துவிட்டது. பெண்கள் அவளோடு ஒட்டி உட்காருவதை விட்டுவிட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, "ஏலே, சேல மஞ்சளப் பிடிக்க மாட்டேங்குதாம். ஊரெல்லாம் அதே பேச்சாக் கிடக்கு. இவ என்னத்தப் பண்ணித் தொலைச்சா?" என்று கேட்டாள்.

"மஞ்சள் மட்டமா இருக்கும்" என்றேன்.

"அதே மஞ்சள்தாம்ல எல்லாருக்கும்."

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அதற்கு முந்தின வருஷம் என் டெரிலின் சட்டையில் ஒரு பீடிப்பொறி விழுந்தது. துணி எரியவில்லை, உருகி ஓரம் சுருண்டு என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது தோலும் வந்தது. தழும்பு இருக்கிறது. இவள் செவ்வாய்க்கிழமை பத்தடி நீள நெருப்பில் நடக்கப்போகிறாள், அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு. நல்லதுக்குச் செய்கிறேன் என்று என் கையாலேயே அவளுக்குக் கொள்ளி வைக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்போதாவது நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொட்டகை வாசலில் நின்று, பூசாரி, தப்பு என்னுது, கலப்புத் துணி வாங்கிட்டேன் என்று பத்து வார்த்தை. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஆத்தாளுக்கே கலப்படத் துணி கொடுத்தவன் வீட்டுப் பருத்திமாரில் தீ வைப்பார்களா? அப்பா அந்தக் கட்டைச் சுமக்க முடியுமா? அதனால் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய் அசல் நூல் சேலை ஒன்றை வாங்கி வந்து, எதையாவது சொல்லி மாற்றிவிடுவது. காதும் காதும் வைத்தாற்போல முடிந்துவிடும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து இறங்கும்போது உச்சிவேளை. கூழ் ஊற்றுகிற நேரம். ஆனால் யாரும் கூழ்ப்பானையிடம் நிற்கவில்லை. கோயில் முன்னால் வட்டமாகக் கூட்டம். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போய் நின்றேன். நடுவில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எதிரே பூசாரி. என் அம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் முன்னால் நின்றாள்.

பூசாரி கெட்டவர் இல்லை. அதட்டிக்கூடப் பேசவில்லை. "தாயி, ரெண்டு தடவ முக்கியாச்சு. கெணத்துத் தண்ணி ஒண்ணுதான், மஞ்சளும் ஒண்ணுதான். மத்தவியளுக்குப் பிடிக்குது, ஒனக்குப் பிடிக்கல. ஆத்தா ஒங்கிட்ட எதையோ கேக்கா. மனசுல குறை இருந்தா இங்கனயே சொல்லிரு. உள்ள வச்சுக்கிட்டுப் பூவுல எறங்கக்கூடாது. ஒன் காலப் பத்திச் சொல்லல. நேந்துக்கிட்டது யாருக்குன்னு நெனச்சுக்கோ" என்றார்.

அவள் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கூட்டமும் மானமும் ஒரு பொருட்டே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நேர்ச்சையை ஆத்தா ஏற்கவில்லை என்றால் விட்டுப்போன பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். என் மனைவி பயந்தது அதற்குத்தான்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அப்பாவின் முகம் கூட்டத்தில் கண்ணில் பட்டது. அவ்வளவுதான் நேரம்.

"சொல்லுதேன்" என்றாள் அவள். "பிள்ளைக்குக் கண்டு பன்னெண்டாம் நாளு, மத்தியானம். மூச்சு இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. அழக்கூட வலு இல்ல. பன்னெண்டு நாளா நான் கண்ண மூடல. அப்ப நான், ஆத்தா, எடுக்குததுன்னா இப்பவே எடுத்துக்கோ, நான் செத்த நேரம் தூங்கணும்னு சொன்னேன்."

"மனசுல நெனச்சியா, வாயால சொன்னியா?" என்று பூசாரி கேட்டார்.

"வாயாலதான் சொன்னேன். மெல்லச் சொன்னேன். சொல்லிட்டுத் தூங்கிட்டேன்." அவள் குரல் உடையவே இல்லை. "முழிச்சுப் பாத்தா பிள்ள கண்ணத் தொறந்து என்னையவே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அப்பத்தான் நேந்துக்கிட்டேன்."

நான் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் அப்படி ஊர் நடுவே கிடைத்தது. பன்னிரண்டு நாள் கண் மூடாமல் இருந்திருக்கிறாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன எனக்கு அதுகூடத் தெரியாது. நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி, "பெத்தவ பேசுத பேச்சா இது" என்றாள். மகள் என் அம்மாவின் இடுப்பிலிருந்து தன் தாயிடம் போகக் கையை நீட்டினாள். என் அம்மா பிள்ளையின் தலையைத் தோளில் அமுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

பூசாரி மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார். "சொல்லிட்டல்லா, போதும். இந்தச் சேலைய அவுத்துரு. வேற கோடிச் சேலை இருந்தாப் பாருங்கப்பா" என்றார்.

இருந்தது. என் கக்கத்தில் இருந்தது. நான் முன்னால் போய்ப் பையை நீட்டினேன். இவன் எப்படித் தயாராகச் சேலையோடு நிற்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. பொண்டாட்டிமேல் அக்கறையுள்ளவன் என்று நினைத்திருப்பார்கள். அவள் மட்டும் என்னை ஒரு தடவை பார்த்தாள், பையை வாங்கிக்கொண்டாள்.

புதுச் சேலை ஒரே முக்கில் மஞ்சளை இழுத்துக்கொண்டது. இரண்டு குளியலுக்குப் பிறகும் கொஞ்சமும் மங்கவில்லை. பூசாரி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியளா, வாயத் தொறந்து சொன்னதும் ஏத்துக்கிட்டா." ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் அம்மாவும் போட்டுக்கொண்டாள். என் மனைவி சொன்ன குறைதான் காரணம் என்று அத்தோடு சாட்சி வைத்து முடிந்துபோயிற்று. அந்தச் சாட்சியை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை அப்பா பருத்திமார்க்கட்டைச் சுமந்துகொண்டு போனார். கூட்டம் வழிவிட்டது. என் மனைவி பூவில் இறங்கி நிதானமாக நடந்து அந்தப் பக்கம் ஏறினாள். காலில் ஒரு கொப்புளம் இல்லை. சேலையில் இரண்டு இடத்தில் பொறி விழுந்து, ஓட்டை விழுந்து, சாம்பலாக உதிர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

ஆத்தா ஒதுக்கிய துணி ஊருக்குள் இருக்கக்கூடாது என்று பழைய சேலையை ஊர் எல்லையில் முள் அடர்ந்த ஒரு உடைமரத்தில் கட்டிவிட்டார்கள். நூல் சேலையாக இருந்தால் ஒரு கோடையில் நைந்து போயிருக்கும். அது மூன்று வருஷம் தொங்கியது. அந்த வழியாகப் போகிறவர்கள், இன்னும் அவ பாவம் தீரல பாரு என்று பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன்.

வீட்டுக்குள் நடந்ததுதான் கொடுமை. அம்மா பிள்ளையை அவளிடம் தனியாக விடமாட்டாள். சண்டை போட மாட்டாள், வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் பாயைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வாள். "நீ போய்த் தூங்குட்டி" என்பாள். அந்தத் தூங்கு என்ற சொல்லை அவள் எப்படிச் சொன்னாள் என்று எனக்குச் சொல்லிக்காட்டத் தெரியவில்லை. என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சித்திரையில் கடைசிப் பருத்தி எடுப்பு. ஆள் கிடைக்காமல் நாங்கள் இரண்டு பேர்தான் மேலக்காட்டில் எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்று தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டெரிகாட்டன், பீடிப்பொறி, பஸ், எல்லாம். அவள் மடியில் பருத்தியோடு நிமிர்ந்து நின்றாள்.

"நான் அன்னைக்குப் பேசுததுக்கு முன்னாலயே வந்துட்டீங்களா, பெறவு வந்தீங்களா?"

"முன்னாலயே."

"அந்தப் பையக் கையில வச்சுக்கிட்டா?"

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரி இறைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஊருல சொல்லிருதேன். இன்னைக்கே பூசாரிட்டப் போயிச் சொல்லிருதேன்" என்றேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன், அன்று.

"சொல்லாதீங்க" என்றாள். "யாருட்டயும் மூச்சு விட்றாதீங்க. காப்புக் கட்டி நாலு நாளு நான் அந்தத் துணியத்தான் உடுத்தியிருக்கேன். அப்ப நேர்ச்ச செல்லாதுன்னு ஆயிரும். பிள்ளைக்கு எதாவது வந்தா?"

"அது வெறும் துணிக் கோளாறு. ஒம் மேல ஒண்ணும் இல்லன்னுதான் சொல்ல வாரேன்."

"துணி கோளாறுதான். ஆனா நான் சொன்னது நெசந்தானே? நான் சொன்னேன்ல்லா." அவள் எழுந்து மறுபடி எடுக்க ஆரம்பித்தாள். "ஊரு என்னையத் திட்டிட்டுப் போகுது. எம் பிள்ள நல்லா இருக்கட்டும்."

அவள் வாயாலேயே சொல்லாதே என்று சொல்லிவிட்டாள். எனக்கு அது எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. அவளுக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. என் அம்மா சாகும்வரை மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நான் அம்மாவிடமும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் மகள் கடம்பூருக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. ஒருநாள் மாலை பை வைத்த கையோடு நேரே அடுப்படிக்குப் போனாள். கூடப் படிக்கிற ஒரு பிள்ளை சண்டையில் வாய்விட்டிருக்கிறது. நான் முன்வீட்டில் பருத்திச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"எனக்கு அம்மை போட்டிருந்தப்ப நான் செத்துப் போகணும்னு நீ கேட்டியாம்மா?"

"கேட்டேன்" என்றாள் என் மனைவி.

தோசைக்கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. மகள் வெளியே வந்து என் எதிரே நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அவள் என்னிடம் வந்தது ஆறுதலுக்கு என்று எனக்குப் புரிந்தது. அப்பாவாவது நம் பக்கம் என்று நினைத்து வந்திருக்கிறது பிள்ளை.

"அம்மா அப்படிச் சொன்னப்போ நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

கோயில் முன்னால் சொன்னதைக் கேட்கிறாளா, பிள்ளை பக்கத்தில் சொன்னதைக் கேட்கிறாளா என்று நான் கேட்டிருக்கலாம். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது, இரண்டும் சொல்லக்கூடிய பதில் இல்லை.

"நான் ஊர்ல இல்லம்மா. கோவில்பட்டிக்குப் போயிருந்தேன்" என்றேன்.

அடுப்படியில் என் மனைவிக்கு அது கேட்டிருக்கும். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தோசையைத் திருப்பிப் போடுகிற சத்தம்தான் வந்தது. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். அன்றிலிருந்து கட்டிக்கொடுக்கிறவரை அவள் எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வந்து கேட்டாள்.